இன்டர்ஃபெரான் ஊசி அக்காவின் தசையைக் கரைக்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பர்கூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு வயது 29. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று பெங்களூரு நிம்ஹான்ஸில் கண்டுபிடித்து, வாரம் ஒரு தடவை இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதமாகப் போட்டு வந்தாள். ஊசி போட்ட ராத்திரி குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வருகிறது. மறுநாள் காலை இடது கால் இழுக்கிறது. இன்டர்ஃபெரான் மனித செல்லில் ஆக்டின் போன்ற கட்டமைப்புப் புரதங்களை மாற்றுகிறது என்று ஓர் ஆய்வுச் சுருக்கத்தில் படித்தேன். ஆக்டின் தசையில் இருக்கும் புரதம்தானே? இதை வீட்டில் சொன்னதும் அக்காவின் மாமியார், "உடம்பைக் கரைக்கிற ஊசி இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக ஊசி போடவில்லை. நான் பயந்தது சரியா? இதே தலைப்பைக் கல்லூரி செமினாருக்கு எடுக்கலாமா?

பதில்: நரம்பியல் மருத்துவர், தருமபுரி

தம்பி, முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த கையோடு அக்காவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரைத் தொடர்புகொண்டு, இரண்டு வாரம் ஊசி விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது, எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று அவர் சொல்லட்டும். விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டு ஊசியைச் சேர்த்துப் போட்டுவிட வேண்டாம்.

இந்த ஊசி அக்காவின் தசையைக் கரைக்கவில்லை. ஆனால் நீங்கள் படித்ததும் தப்பில்லை. இன்டர்ஃபெரான், அதாவது வைரஸ் தாக்கும்போது நம் செல்களே சுரக்கும் தற்காப்புப் புரதம், செல்லின் கட்டமைப்புப் புரதங்களைத் தொடத்தான் செய்கிறது. எந்தப் புரதத்தை, எந்த செல்லில், என்ன செய்கிறது என்று பார்த்தால் பயம் போய்விடும். நீங்கள் படிக்கிற பிள்ளை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் செல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வகைப் புரத இழைகள் ஓடுகின்றன. ஆக்டின் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன். டியூபுலின் புரதத்தால் ஆன நுண்குழாய் 25 நானோமீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்டவை 10 நானோமீட்டர் இழைகள். தோல் செல்லில் கெரட்டின், இணைப்புத் திசுவில் விமென்டின், நரம்பு செல்லில் நியூரோஃபிலமென்ட் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். இந்த நியூரோஃபிலமென்ட் உங்கள் அக்காவின் கதையில் முக்கியமான புரதம், பின்னால் வருகிறேன். இந்த இழைகள் எலும்பு மாதிரி ஒரு தடவை உருவாகி அப்படியே நிற்பவை அல்ல. கல்யாணப் பந்தலை ஓர் இடத்தில் அவிழ்த்து அதே மூங்கிலை இன்னோர் இடத்தில் நடுகிற மாதிரி, செல் இவற்றை ஒரு பக்கம் பிரித்து இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டே இருக்கிறது. செல் நகர்வது, பிரிவது, பக்கத்து செல்லை இறுகப் பிடித்துக்கொள்வது எல்லாம் இதனால்தான் நடக்கிறது.

ஆக்டின் தசையின் புரதம் என்பது பாதி உண்மைதான். மனிதனுக்கு ஆறு ஆக்டின் மரபணுக்கள் உண்டு. எலும்புத் தசைக்கு ஒன்று, இதயத் தசைக்கு ஒன்று, குடல், ரத்தக்குழாய் போன்றவற்றின் மென்தசைக்கு இரண்டு. மீதி இரண்டும், அதாவது பீட்டா ஆக்டினும் காமா ஆக்டினும், தசையே இல்லாத செல்களிலும் இருப்பவை. நீங்கள் படித்த மாதிரியான ஆய்வுகள் பெரும்பாலும் இந்தத் தசையல்லாத செல்களில் நடந்தவை.

அந்த ஆய்வுகளில் அடிப்படையானது 1980இல் வெளிவந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், தட்டில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற மனித இணைப்புத் திசு செல்களுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் செல்கள் பெரிதாகிப் பரந்தன. உள்ளே ஆக்டின் கட்டுகள் தடித்து, எண்ணிக்கையிலும் கூடின. செல்லை அதன் தளத்தோடு ஒட்டவைக்கும் ஃபைப்ரோனெக்டின் வெளிப்பரப்பில் அதிகமானது. செல்கள் நகர்வதும் பிரிவதும் மெதுவானது. இதில் ஆக்டின் எங்கேயும் கரைந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடுதலாகக் கட்டப்பட்டிருக்கிறது. அலைந்துகொண்டிருந்த செல் இருக்கிற இடத்திலேயே கால் ஊன்றிவிட்டது, அவ்வளவுதான்.

செல்லுக்கு இதனால் என்ன லாபம்? 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தபோது கோழி முட்டைச் சவ்வில் அவர்கள் பார்த்தது இதுதான்: செத்த ஃப்ளூ வைரஸ் பட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றன, அந்தப் பொருள் பட்ட மற்ற செல்களில் உயிருள்ள வைரஸ் பெருக முடியவில்லை. அந்தப் பொருள் செல்லுக்குள் நேராக நுழைந்து எதையும் செய்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. உள்ளே ஜாக்-1, டைக்-2 என்ற நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட்-1, ஸ்டாட்-2 புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இவை ஐ.ஆர்.எஃப்.-9ஐக் கூட்டிக்கொண்டு உட்கருவுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரபணுக்களை வேலைக்கு எழுப்புகின்றன. கட்டமைப்பில் மாற்றம் தெரிய நாளாவதற்குக் காரணம் இதுதான்.

அந்த மரபணுக்கள் தரும் புரதங்களில் சில, செல்லின் இழைகளோடும் சவ்வோடும் சேர்ந்து வேலை செய்பவை. பல வைரஸ்களுக்கு நம் இழைகள்தான் வண்டிப்பாதை. அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ் நரம்புக்குள் நுண்குழாய் வழியாகத்தான் பயணம் போகிறது. சீதபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரன்: நம் ஆக்டினையே தன் பின்னால் வால் மாதிரி கட்டிக்கொண்டு, அந்த உந்துதலில் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குள் பாய்கிறது. இன்டர்ஃபெரான் எழுப்பும் ஜி.பி.பி.-1 என்ற புரதம் ஷிகெல்லாவின் உடம்பைச் சுற்றிப் படிந்து, அந்த ஆக்டின் வால் முளைக்காமல் தடுத்துவிடும். டெதரின் என்று இன்னொரு புரதம், செல்லை விட்டுக் கிளம்பும் வைரஸை மேற்சவ்விலேயே பிடித்துக் கட்டிவைக்கிறது. ஆக, உங்களைப் பயமுறுத்திய அந்த மாற்றங்கள் பழைய, பயனுள்ள ஒரு தற்காப்பைச் சேர்ந்தவை.

அடுத்து, இணையத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம். இன்டர்ஃபெரான் என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒரு வகை. காமா வேறு வகை. அதன் ஏற்பியே வேறு. குடல் செல்களை அடுக்காக வளர்த்து காமாவைக் கொடுத்தால், பக்கத்துப் பக்கத்து செல்களைத் தைத்து வைத்திருக்கும் ஆக்லூடின் போன்ற புரதங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, அடுக்கில் கசிவு ஏற்படுகிறது. அந்த இழுப்பைச் செய்வதும் ஆக்டினும், அதைப் பிடித்து இழுக்கும் மயோசின் என்ற புரதமும்தான். இதை மட்டும் படிக்கிற யாருக்கும் இன்டர்ஃபெரான் செல்லைப் பிய்த்துவிடும் என்று தோன்றத்தான் செய்யும். பீட்டாவோ ரத்தக்குழாயின் உள்பக்க செல்களில் அந்தத் தையலை இறுக்குகிற பக்கம் நிற்கிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸிலேயே இந்த வித்தியாசத்தை மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்கள். காமா வகையைக் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனை ஒன்று 1987இல் வெளியானது. 18 பேரில் 7 பேருக்கு நோய் கிளம்பியது, அத்தோடு காமாவைக் கைவிட்டார்கள். பீட்டா வகைக்கோ 1993இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் ஆல்ஃபாவா, பீட்டாவா, காமாவா, எந்த செல், எவ்வளவு நாள் என்று முதலில் தேடுங்கள். தட்டில் இருக்கும் செல் நாள்கணக்கில் மருந்திலேயே ஊறிக் கிடக்கும். அக்காவின் உடம்பில் வாரத்துக்கு ஒரு ஊசி போகிறது, பரவுகிறது, வெளியேறிவிடுகிறது.

அக்காவுக்கு இந்த ஊசி என்ன செய்கிறது? அவருடைய நோயில் சொந்த வெள்ளை அணுக்களே மூளைக்குள் புகுந்து, நரம்பின் மேலுறையான மயலினை அரிக்கின்றன. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய அந்த அணு ஆக்டினைக் கொண்டு தவழ வேண்டும். ரத்தக்குழாயின் அடித்தளச் சவ்வை எம்.எம்.பி.-9 என்ற நொதியால் அறுத்துக்கொண்டு போக வேண்டும். இன்டர்ஃபெரான் பீட்டா அந்த நொதியின் சுரப்பைக் குறைக்கிறது, குழாய்ச் சுவரையும் கெட்டிப்படுத்துகிறது. இவை தவிர நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகளிலும் பல மாற்றங்கள் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் நோய் மறுபடி தாக்குவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 29 வயதுப் பெண்ணுக்கு வராமல் போகிற ஒவ்வொரு தாக்குதலும் எவ்வளவு பெரிது என்று, கால் வராமல் சக்கர நாற்காலியில் என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

நியூரோஃபிலமென்ட் என்று சொன்னேன் அல்லவா? மயலின் போன நரம்பிழை அறுபடும்போது உள்ளே இருக்கும் இந்தக் கட்டமைப்புப் புரதம் சிதறி, தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கலக்கிறது. அதன் லேசான துண்டை ரத்தத்தில் அளந்து, நோய் எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்று கணிக்கிறார்கள். சிகிச்சை வேலை செய்தால் அளவு இறங்கும். உங்கள் அக்காவின் உடம்பில் நிஜமாகவே ஒரு கட்டமைப்புப் புரதம் உடைகிறது, தம்பி. அதை உடைப்பது நோய். ஊசி அந்த உடைப்பைக் குறைப்பதற்காகப் போடப்படுகிறது. ஊசியை நிறுத்திய இந்த இரண்டு வாரத்தைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

உங்கள் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். உடம்பே இன்டர்ஃபெரானை ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால் கெடுதல் உண்டு. டெர்மடோமயோசைட்டிஸ் என்ற தசை நோயில், தசை இழைகளில் இன்டர்ஃபெரான் எழுப்பும் எம்.எக்ஸ்.ஏ. என்ற புரதம் குவிந்திருப்பதை நோயைக் கண்டறியும் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். அது வேறு நோய், வேறு நிலைமை. தோலிலும் ஒன்று உண்டு: சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு இன்டர்ஃபெரான் அதைக் கிளப்பிவிடலாம். சோரியாசிஸ் திட்டில் கெரட்டின்-17 என்ற புரதம் ஏறியிருக்கும். அதைத் தூண்டுவதில் காமா இன்டர்ஃபெரானுக்குப் பங்கு இருக்கிறது. அக்காவுக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ சோரியாசிஸ் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தசை பற்றிய சந்தேகம் மனதை அரித்துக்கொண்டே இருந்தால், சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தசை நிஜமாகவே சிதைந்தால் அந்த நொதி ரத்தத்தில் ஏறும். கேட்டுப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

அப்படியானால் ஊசிக்கு மறுநாள் கால் இழுப்பது ஏன்? கடிதத்தில் என் கண் முதலில் போனது அந்த வரிக்குத்தான். மயலின் இழந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடம்பு வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அதில் மின்சமிக்ஞை தடுமாறும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஃப்ளூ மாதிரி காய்ச்சல் வருவது இன்டர்ஃபெரானின் வழக்கமான பக்க விளைவு, பொதுவாக ஒரு நாளில் அடங்கும். அந்தக் காய்ச்சல் சூட்டில் பழைய காயம் பட்ட நரம்பு தடுமாற, கால் இழுக்கிறது. சிலருக்கு ஊசியால் கால் விறைப்பும் கொஞ்ச நேரம் கூடலாம். சூடு இறங்கியதும் கால் பழையபடி ஆகிறதா என்று பாருங்கள். அப்படி ஆனால், அது காய்ச்சலால் வந்ததுதான் என்று எண்ணுகிறேன். நம் பக்கத்தில் மாங்காய் பறிக்கும் மாதங்களில் மத்தியான வெயிலில் நடந்தாலும் இதே இழுப்பு வரலாம். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பதறிவிடக் கூடாது. காய்ச்சலோ வெயிலோ இல்லாமல் புதிதாக ஏதாவது பலவீனமோ, பார்வை மங்கலோ, மரத்துப்போவதோ வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், அது நோய் மறுபடி தாக்குவதாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் கிளம்பிப் போங்கள். இந்த இரண்டு வார இடைவெளியில் அப்படி ஏதாவது வந்ததா என்றும் அக்காவிடம் கேளுங்கள்.

காய்ச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. ஊசியைப் படுக்கப் போகும் நேரத்தில் போட்டால் காய்ச்சலின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். ஊசிக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு பாராசிட்டமால், தேவைப்பட்டால் பிறகு இன்னொன்று என்று வழக்கமாகச் சொல்வோம். அக்காவின் கல்லீரல் பரிசோதனை எப்படி இருக்கிறது என்று பார்த்து அவருடைய மருத்துவர் அளவு சொல்வார். தொடையில் ஒரே இடத்தில் குத்தாமல் பக்கத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். பலருக்கு முதல் சில மாதங்களில் காய்ச்சல் தணிந்துவிடும். எட்டு மாதம் ஆகியும் இவ்வளவு காய்ச்சல் என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது மாத்திரையாகவும், மாதக்கணக்கில் ஒரு தடவை ரத்தக்குழாயில் ஏற்றுவதாகவும் வேறு மருந்துகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. ஊசி அக்காவுக்கு ஒத்துவரவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டில் பேசி முடிவு செய்வதல்ல.

கல்லீரல், ரத்த அணுக்கள், தைராய்டு பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்துவிடுங்கள். இரத்தம் எடுப்பதற்கு மட்டும் பெங்களூரு வரை அலைய வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்து, அறிக்கையை அனுப்பினால் போதும் என்று சொல்ல வாய்ப்பு உண்டு. உடம்பைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் இன்னொரு விஷயம், மனசு. இன்டர்ஃபெரான் போடும் சிலருக்குச் சோர்வும் மனச்சோர்வும் வரும். வாழ்வதில் பிடிப்பில்லாத எண்ணங்கள்கூட வரலாம். அக்கா பேச்சைக் குறைத்திருக்கிறாரா, தூக்கம் இல்லையா, அடிக்கடி அழுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி இருந்தால் "மருமகள் சோம்பல்" என்று யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்வதும் தம்பியாகிய உங்கள் வேலை. மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அந்த ஊசி வீண். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுக்கும் மருந்துக்கும் நடுவே துணி ஒன்றை வையுங்கள். மின்வெட்டு நீண்டால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், எவ்வளவு நேரம் வெளியே இருந்தால் மருந்து தாங்கும் என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, தானாகக் குளிர் விட விடுங்கள். வெந்நீரில் வைக்க வேண்டாம்.

மாமியாரிடம் ஆக்டினும் ஸ்டாட்டும் சொல்லிப் புரியவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்தம்மா மருமகள் ராத்திரி முழுக்க நடுங்குவதைப் பார்த்திருக்கிறார். பயம் நியாயமானது. அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல் ஏன், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை என்று மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும். குழந்தை பற்றிய கேள்வியும் அந்த வீட்டில் இருக்கலாம், வெளியே சொல்லாவிட்டாலும். பீட்டா இன்டர்ஃபெரானைப் பொறுத்தவரை, தேவைப்பட்டால் கர்ப்பத்தின்போதும் தொடர்வதைப் பரிசீலிக்கலாம் என்று 2019இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் விதியைத் தளர்த்தியிருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே அக்காவும் மாமாவும் சேர்ந்து போய் இதைப் பேசிவிடுவது நல்லது.

சரி, செமினார். தாராளமாக எடுங்கள். ஆனால் "இன்டர்ஃபெரானும் கட்டமைப்புப் புரதங்களும்" என்று மொத்தமாக எடுத்தால் அரை மணி நேரத்தில் தத்தளிப்பீர்கள். நுண்ணுயிரியல் மாணவருக்கு ஷிகெல்லாவும் ஜி.பி.பி.-1உம் அருமையான தலைப்பு. ஆக்டின் வால் எப்படி முளைக்கிறது என்பதில் ஆரம்பித்து, இன்டர்ஃபெரான் அதை எங்கே மறிக்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள். இன்னும் நேரம் இருந்தால் ஷிகெல்லா பதிலுக்கு ஜி.பி.பி.-1ஐயே அழிக்க ஒரு புரதத்தை ஏவுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கேள்விகள் அதில்தான் வரும்.